எப்போது நிறுத்துவது? கெய்ரோ அறுவை அரங்கில் ஒரு விரல் சென்சார்: நிகழ்வு ஆய்வு

கெய்ரோ பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. ரத்தம் நிறையப் போகக்கூடிய நரம்பியல் அறுவை சிகிச்சைகளை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 106 நோயாளிகள். 45 பேருக்கு எப்போதும்போல் கவனிப்பு. 61 பேருக்கு அதே கவனிப்புடன் கூடுதலாக ஒன்று: விரலில் ஒட்டும் சென்சார் வழியாக, ஊசி குத்தாமல், ஹீமோகுளோபின் அளவை இடைவிடாமல் திரையில் காட்டும் மானிட்டர். அது காட்டும் அளவைச் சுருக்கமாக எஸ்பிஎச்பி என்பார்கள். கணக்கெடுத்தபோது, மானிட்டர் இல்லாத பிரிவில் ஆளுக்குச் சராசரியாக 1.9 யூனிட் ரத்தச் சிவப்பணு ஏற்றப்பட்டிருந்தது. ஒரு யூனிட் என்பது ஒரு பை. மானிட்டர் இருந்த பிரிவில் 1.0 யூனிட்.

ஏறக்குறைய பாதி. இந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பாதி எப்படிக் குறைந்தது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. ரத்தமே தேவைப்படாதவர்களைக் கருவி அடையாளம் காட்டியதா? அல்லது தேவைப்பட்டவர்களுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது "போதும்" என்று சொல்லி நிறுத்த வைத்ததா? கெய்ரோவில் நடந்தது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் வாசிப்பு. எந்த மருத்துவமனைக்கு இந்தக் கருவி உதவும், எங்கே வீண் செலவாகும் என்ற கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஒரு ஆய்வைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

மேஜையில் ரத்தம் போகும்போது

60 கிலோ எடையுள்ள ஒரு பெரியவரின் உடம்பில் சுமார் 4,200 மில்லி ரத்தம் இருக்கும். கிலோவுக்கு 70 மில்லி என்பது அரங்கில் எல்லோரும் போடும் கணக்கு. அதில் 15 சதவீதம் 630 மில்லி. கெய்ரோ நெறிமுறைப்படி, மதிப்பிட்ட இழப்பு 15 சதவீதத்தைத் தொட்டதும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்த 630 மில்லியை யார் பார்த்துச் சொல்வது? ஒரு பகுதி சக்‌ஷன் பாட்டிலில், அதாவது ரத்தத்தை உறிஞ்சிச் சேர்க்கும் பாட்டிலில், இருக்கிறது. ஆனால் மூளை அறுவையில் இடத்தைக் கழுவச் சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பாட்டிலில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் ரத்தம் இல்லை. எவ்வளவு சலைன் ஊற்றினோம் என்று நர்ஸ் குறித்து வைத்திருந்தால் கழித்துக்கொள்ளலாம். இன்னொரு பகுதி மாப் எனப்படும் ஒற்றுத் துணியிலும் சின்னச் சின்னப் பஞ்சுத் துண்டுகளிலும் ஊறிக் கிடக்கும். அவற்றை எடை போட்டால் ஓரளவு தெரியும். ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி. மிச்சம் தலைக்கு அடியில் விரித்த துணியில், சர்ஜனின் கவுனில், தரையில். மயக்க மருந்து மருத்துவருக்கோ தலைப்பக்கம் இடமே கிடையாது. அது முழுக்கச் சர்ஜனின் எல்லை. இவர் திரைத்துணிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அதே பாட்டிலைப் பார்த்துச் சர்ஜன் ஒரு எண் சொல்வார், இவர் வேறு சொல்வார். சர்ஜன் சொல்வது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

சரி, மாதிரி எடுத்தாயிற்று. தமனியில் போட்டிருக்கும் லைனிலிருந்து இரண்டு மில்லி, ஊதா மூடி போட்ட குழாயில். பெயர், எண், நேரம் எழுதி, படிவத்தோடு ஆளிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். கூடத்தில் வரிசை. எந்திரம் எண்ணைத் துப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றுக்கும்தான் நேரம். பிறகு போன் வர வேண்டும், ரத்த வங்கிக்குச் சொல்ல வேண்டும், பை வர வேண்டும்.

ரத்தம் தேவை என்று உறுதியான நேரத்திலிருந்து ஏற்றத் தொடங்கும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கெய்ரோ குழு அளந்திருக்கிறது. மானிட்டர் இல்லாத பிரிவில் சராசரியாக 50.2 நிமிடம். மானிட்டர் பிரிவில் 9.2 நிமிடம். அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த எண் இதுதான், 1.9க்கும் 1.0க்கும் உள்ள வித்தியாசம்கூட எனக்கு இரண்டாம்பட்சம்.

ஐம்பது நிமிடத்தில் மேஜையில் என்னவெல்லாம் நடக்கும் என்று பாருங்கள். ரத்தம் போகும்போது ஹீமோகுளோபின் உடனே இறங்குவதில்லை. போவது முழு ரத்தம். சிவப்பணுவும் போகிறது, அதைச் சுமக்கும் நீரும் போகிறது, விகிதம் அப்படியேதான் இருக்கிறது. இழப்பை ஈடுகட்டச் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ ஓடவிடும்போதுதான் அளவு நீர்த்து இறங்குகிறது. அதனால் மாதிரி எடுத்த நிமிடத்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 10.4 கிராம் என்று இருந்தது, பதில் வருவதற்குள் இரண்டு பாட்டில் ஓடி 8.8 ஆகியிருக்கலாம். இல்லையென்றால் சர்ஜன் அந்த ரத்தக்குழாயைப் பிடித்துக் கட்டிவிட்டு, இனி போகப்போவதே இல்லை என்ற நிலையும் வந்திருக்கலாம். கையில் இருக்கும் காகிதத்துக்கு இது எதுவும் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்புவது பயம்தான். குறையாக ஏற்றினால் விளைவு உடனே கண்ணுக்குத் தெரியும்: ரத்த அழுத்தம் இறங்கும், இதயத் துடிப்பு ஏறும், மூளைக்கு ஆக்சிஜன் குறையும், கேள்வி எழும். கூடுதலாக ஏற்றினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நான்காவது பை தேவையில்லாமல் போனது என்று அறுவை அரங்கில் யாரும் யாரையும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்த ரத்தப் பை அரை மணி நேரத்துக்குமேல் வெளியில் இருந்துவிட்டால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது பல ரத்த வங்கிகளில் காலகாலமாக இருக்கும் விதி. பை வந்துவிட்டது, வீணாகப் போவதற்கு ஏற்றியே விடலாமே என்ற எண்ணம் அங்கே இயல்பாக வந்துவிடுகிறது. பொறுப்பான, நல்ல மருத்துவர்கள்தான் இப்படி முடிவெடுக்கிறார்கள்.

விரலில் என்ன அளக்கிறார்கள்

எல்லோருக்கும் தெரிந்த ஆக்சிஜன் கிளிப், அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டர், ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோகி 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்த வழியில் வேலை செய்கிறது. சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளிகளை விரல் வழியே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஒரு மாதிரி உறிஞ்சும், ஏறாதது வேறு மாதிரி. இரண்டின் விகிதம் கிடைத்தால் போதும். விரல் தடிமனா ஒல்லியா என்பது பெரிய விஷயமே இல்லை, ஏனென்றால் வகுக்கும்போது அதெல்லாம் அடிபட்டுப் போகிறது.

ஹீமோகுளோபின் செறிவு அப்படிப்பட்ட விகிதம் இல்லை. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி, ரத்தத்தில் எத்தனை கிராம் என்று முழு அளவாகச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு ஒளி போதாது. கலிஃபோர்னியாவில் இர்வைன் நகரத்தைச் சேர்ந்த மாசிமோ நிறுவனம் ஏழுக்கும் மேற்பட்ட அலைநீளங்களில் ஒளியை அனுப்பி இதைச் செய்கிறது. திரும்பி வரும் சமிக்ஞைகளை, முன்பே பலரிடம் ஆய்வக அளவோடு ஒப்பிட்டுச் சேர்த்த தரவுகளை வைத்து ஒரு எண்ணாக மாற்றுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு 2008இல் அனுமதி கொடுத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது மறைமுகமான மதிப்பீடு. விரலில் நல்ல துடிப்பு இருந்தால்தான் சமிக்ஞை நன்றாக இருக்கும். குளிர்ந்த அரங்கில் விரல் சில்லிட்டுப் போனாலும், ரத்த அழுத்தத்தைத் தூக்க நார்அட்ரினலின் ஓடினாலும் விரல்நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். விளைவாக எண்ணின் நம்பகத்தன்மை குறையும், சில நேரம் எண்ணே வராது. சென்சார் விரலில் நேராக ஒட்டியிருக்க வேண்டும், அரங்கு வெளிச்சம் உள்ளே புகாமல் மேலே கருப்பு உறை போட வேண்டும். மூளை அறுவையில் நோயாளியின் கைகளை உடம்போடு சேர்த்துத் துணிக்குள் சுற்றிவிடுவார்கள். நடுவில் சென்சார் நழுவினால் உள்ளே கைவிட்டுத் தடவித்தான் சரிசெய்ய முடியும். தொடங்குவதற்கு முன் அந்த விரலுக்காக இரண்டு நிமிடம் செலவழிப்பது பிறகு மூன்று மணி நேரத்துக்குப் பயன்படும்.

தோல் நிறம் குறித்த கவலையும் நியாயமானதுதான். சாதாரண ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோது உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம் என்று மிச்சிகன் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். அது ஆக்சிஜன் அளவைப் பற்றியது, ஹீமோகுளோபினைப் பற்றியது அல்ல. ஆனாலும் தோல் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கும் எந்தக் கருவியையும் நம் போன்ற நிறமுள்ளவர்களிடம் தனியாகச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும் என்று நினைக்கிறேன்.

எண்களைப் பிரித்துப் பார்த்தால்

மீண்டும் கெய்ரோவுக்கு வருவோம். எல்லோரையும் சேர்த்தால் 1.9க்கு எதிராக 1.0. ரத்தம் ஏற்றப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் ஆளுக்கு 3.9 யூனிட்டுக்கு எதிராக 2.3 யூனிட். இந்த இரண்டு ஜோடி எண்களும் ஆய்விலேயே இருக்கின்றன. ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பாருங்கள். மானிட்டர் இல்லாத பிரிவில் ஏறக்குறைய 49 சதவீதம் பேருக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். மானிட்டர் பிரிவில் ஏறக்குறைய 43 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. இவ்வளவு சின்ன ஆய்வில் அதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, யாருக்கு ஏற்றுவது என்பதில் கருவி பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஏற்றத் தொடங்கிய பிறகு எத்தனை பை என்பதில்தான் மாற்றம். நான்கு பை போன இடத்தில் இரண்டரைக்கும் குறைவு. அதுவும் முன்னைவிடச் சீக்கிரமாகத் தொடங்கி! சீக்கிரம் தொடங்கினால் அதிகம் செலவாகும் என்றுதான் யாரும் நினைப்போம். நேர்மாறாக நடந்திருக்கிறது.

காரணத்தை நெறிமுறையிலேயே பார்க்கலாம். மானிட்டர் இல்லாத பிரிவில் விதி இது: ஆய்வக ஹீமோகுளோபின் 10க்குக் கீழே வந்தால் ஏற்றத் தொடங்கு, மதிப்பிட்ட இழப்பை ஈடுசெய்து, ஆய்வக அளவும் 10க்கு மேலே போகும் வரை தொடர். மானிட்டர் பிரிவில்: எஸ்பிஎச்பி போக்கு 10க்குக் கீழே இறங்கினால் தொடங்கு, போக்கு மேலேறி 10ஐத் தாண்டினால் நிறுத்து.

முதல் விதியில் நிறுத்துவதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பாட்டிலையும் மாப்பையும் பார்த்துச் சொன்ன அந்த மதிப்பீட்டை ஈடுகட்ட வேண்டும். மற்றொன்று, மறுபடியும் ஒரு மாதிரி கூடத்துக்குப் போய் வர வேண்டும். போய்வரும் நேரமெல்லாம் பை சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட் ஏற்றினால் பெரியவர்களுக்குச் சுமார் ஒரு கிராம் ஹீமோகுளோபின் கூடும். 9.3இல் தொடங்கியவருக்கு ரத்தம் போவது நின்றிருந்தால் ஒரே பை போதும். அதைத் தெரிந்துகொள்ள வழி இல்லாத மருத்துவர் இரண்டாவது பையை மாட்டுகிறார். இரண்டாவது விதியில் அந்த மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடு மேலே ஏறுகிறது. அடுத்த பையை எடுக்கக் கை போகும் முன் ஒரு நிமிடம் பொறுக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த ஒரு நிமிடப் பொறுமைதான் கருவி கொடுத்தது. அதே சமயம் இந்த ஆய்வின் பெரிய பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பிரிவில் கருவி மட்டும் கூடவில்லை, நிறுத்தும் விதியே வேறாக இருந்தது. மானிட்டர் இல்லாமலேயே, ஒவ்வொரு பைக்கும் பிறகு அளந்து பார்த்துத்தான் அடுத்தது என்று கறாராக ஒரு விதி வைத்திருந்தால் எத்தனை யூனிட் மிஞ்சியிருக்கும்? இந்த ஆய்வை வைத்து அதைச் சொல்ல முடியாது. மேலும் இது கண்காணிப்பு வகை ஆய்வு, சீரற்ற முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. ஒரே மருத்துவமனை, யார் கையில் கருவி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பிட்டது எதனோடு என்பதையும் பார்க்க வேண்டும். ஐம்பது நிமிடம் எடுக்கும் பரிசோதனைக் கூடத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கருவியும் வேகமாகத்தான் தெரியும். அரங்கு வாசலிலேயே ரத்த வாயு எந்திரம் வைத்திருக்கும் மருத்துவமனைகள் இன்று நிறைய இருக்கின்றன. ஒரு மில்லிக்கும் குறைவான ரத்தத்தை வைத்தால் சில நிமிடங்களில் ஹீமோகுளோபின், பொட்டாசியம், லாக்டேட் எல்லாம் கையில் வந்துவிடும். அப்படி ஒரு எந்திரம் இருந்து, அதை அரை மணிக்கு ஒருமுறை பயன்படுத்தும் பழக்கமும் இருந்தால், கெய்ரோவில் கிடைத்த லாபத்தில் கணிசமான பங்கு அங்கே ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்றுதான் பொருள்.

10 என்ற அந்த எண்

கெய்ரோவின் எல்லைக்கோடு 10. இதைப் படிக்கும் மருத்துவர்கள் பலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள். 1942இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இரு மருத்துவர்கள், ஹீமோகுளோபின் 8 முதல் 10க்குக் கீழே இருந்தால் அறுவைக்கு முன் ரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். அதிலிருந்து வந்த 10 என்ற எண் அரை நூற்றாண்டுக்கு மேல் வேதவாக்காக இருந்தது. 1999இல் கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரிடம் 7க்குக் கீழே போனால் மட்டும் ஏற்றுவது, 10க்குக் கீழே போனாலே ஏற்றுவது என்று இரண்டு வழிகளையும் ஒப்பிட்டார்கள். குறைவாக ஏற்றியதால் யாருக்கும் கூடுதல் கெடுதல் வரவில்லை. 2011இல் இடுப்பெலும்பு அறுவை நோயாளிகளிடமும், 2017இல் இதய அறுவை நோயாளிகளிடமும் இதே பாடம் வந்தது. இன்றைய அமெரிக்க வழிகாட்டுதல் பொதுவாக 7, இதய அறுவைக்கு 7.5, எலும்பு அறுவைக்கும் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் 8 என்று சொல்கிறது.

மூளை மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. 2024இல் வந்த ட்ரெய்ன் என்ற சோதனையில், மூளை பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 9க்கு மேல் வைத்திருந்தபோது, 7 வரை விட்டுப் பார்த்ததைவிட நரம்பியல் நிலை மேம்பட்டிருந்தது. அந்த நோயாளிகள் வேறு, திட்டமிட்ட மூளை அறுவைக்கு வருகிறவர்கள் வேறு. ஆனாலும் கெய்ரோ மருத்துவர்கள் 10 என்று வைத்ததைப் பழைய பழக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தேவையற்ற ரத்தம் என்பது எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். விரல் சென்சார் அந்தக் கோட்டைப் போட்டுத் தராது. 10 என்ற கோட்டுக்கே இவ்வளவு மிஞ்சியது என்றால் 8 என்று வைத்திருந்தால் இரண்டு பிரிவிலுமே பைகள் குறைந்திருக்கும், ஒருவேளை வித்தியாசமும் சுருங்கியிருக்கும்.

கூடுதல் பை ஏன் பிரச்சினை என்று கேட்பவர்களுக்கு: ஏற்றிய அளவைத் தாங்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது வயதானவர்களிடமும் இதயம் பலவீனமானவர்களிடமும் நடக்கிறது. ஏற்றிய ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களால் நுரையீரல் திடீரெனக் காயமடைவதும் உண்டு. பின்னாளில் இன்னொரு முறை ரத்தம் தேவைப்படும்போது பொருந்தும் ரத்தம் கிடைக்காதபடி எதிர்ப்பொருள்கள் உருவாகிவிடலாம். கிருமித் தொற்று ஆபத்து பரிசோதனைகளால் வெகுவாகக் குறைந்திருக்கிறது, பூஜ்யம் ஆகிவிடவில்லை. இதெல்லாம் போக, அது வேறொருவர் கொடுத்த ரத்தம். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்கப்பட்டு, மைத்துனருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் போன் போட்ட குடும்பங்களுக்கு ஒரு பையின் மதிப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாஸ்டனும் சான் ஃபிரான்சிஸ்கோவும்

கெய்ரோவுக்கு முன்பே பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், எலும்பு அறுவை நோயாளிகள் 327 பேரிடம் சீரற்ற முறையில் பிரித்து ஒரு சோதனை நடந்தது. முழுக் கட்டுரை 2014இல் வந்தது. அறுவையின்போது ரத்தம் ஏற்றப்பட்டவர்கள் மானிட்டர் பிரிவில் 0.6 சதவீதம், மற்றதில் 4.5 சதவீதம். இங்கே கதை வேறு. இவர்கள் பெரும்பாலும் ரத்தமே தேவைப்படாத நோயாளிகள். திரையில் எண் நிலையாக இருப்பதைப் பார்த்து, ஒரு பை போட்டுவிடலாமா என்ற யோசனையையே கைவிட முடிந்திருக்கிறது. கெய்ரோவில் நிறுத்த உதவிய கருவி பாஸ்டனில் தொடங்காமல் இருக்க உதவியிருக்கிறது. ஆனால் 4.5, 0.6 என்ற சதவீதங்களை ஆட்களாக மாற்றினால் இரண்டு பிரிவும் சேர்ந்து பத்துப் பேர்கூட இல்லை. நாலு பேர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். சீரற்ற சோதனை என்ற ஒரே காரணத்துக்காக இதைக் கெய்ரோவுக்கு மேலே வைக்க நான் தயங்குவேன்.

எதிர்த்தரப்பு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்தது. 2011இல் முதுகுத்தண்டு அறுவை நோயாளிகள் 20 பேரிடம் எஸ்பிஎச்பியை ஆய்வக அளவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 61 சதவீத அளவீடுகளில் வித்தியாசம் 1.5 கிராமுக்குள் இருந்தது. ஆனால் 22 சதவீதத்தில் 2 கிராமைத் தாண்டியது. ஐந்தில் ஒன்றுக்கும் மேல்! 2014இல், ஊசியில்லா ஹீமோகுளோபின் கருவிகள் பற்றிய 32 ஆய்வுகளை, 4,425 பேரின் தரவுகளை, ஒன்றுதிரட்டிய பகுப்பாய்வு வந்தது. சராசரிப் பிழை வெறும் 0.10 கிராம். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் தனித்தனி அளவீடுகள் சிதறிய எல்லை, கீழே 2.59 முதல் மேலே 2.80 வரை. அதாவது திரையில் 9 என்று காட்டும்போது உண்மை 6.2ஆகவும் இருக்கலாம், 11.6ஆகவும் இருக்கலாம். முதலாவதில் ஏற்றாவிட்டால் ஆபத்து. இரண்டாவதில் ஏற்றுவது வீண். சராசரியைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் கெய்ரோவில் எப்படி வேலை செய்தது? அவர்களும் பிழையை அளந்திருக்கிறார்கள்: சராசரி 0.0, விலகல் 0.8 கிராம். மற்ற இடங்களைவிட நன்றாகவே இருக்கிறது. அதோடு, ஆய்வக அளவு ஏறி இறங்கியபோது எஸ்பிஎச்பியும் கூடவே ஏறி இறங்கியதா என்று பார்த்தார்கள். பொருத்தக் குணகம் 0.93. முழுப் பொருத்தம் என்றால் 1. ஒரே நோயாளியிடம் கருவி எப்போதும் ஒரு கிராம் கூடுதலாகவே காட்டினாலும், அந்த ஒரு கிராம் மாறாமல் இருக்கும் வரை, இறங்குகிறதா ஏறுகிறதா என்ற கேள்விக்குப் பதில் சரியாகவே வரும். கெய்ரோ விதி எழுதப்பட்டதும் அப்படித்தான்: 10ஐத் தொட்டால் என்று இல்லை, போக்கு இறங்கி 10க்குக் கீழே போனால் என்று. இரண்டு பிரிவிலும் ஆய்வக மாதிரிகளும் போய்க்கொண்டுதான் இருந்தன. கருவி கூடத்தை வெளியேற்றவில்லை, ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவே இருந்த இருட்டில்தான் விளக்குப் பிடித்தது.

அதனால் பயன்படுத்துகிறவர்கள் முதல் வேலையாக, மயக்கம் கொடுத்து நோயாளி நிலையானதும் ஒரு ஆய்வக அளவு எடுத்து, திரை எண்ணை அதோடு பொருத்திக்கொள்ள வேண்டும். கருவியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. அப்புறம் பார்க்க வேண்டியது கோட்டின் சாய்வை. எண்ணுக்குப் பக்கத்திலேயே விரலின் ரத்த ஓட்டக் குறியீடு வரும். அது விழுந்துவிட்டால் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பக் கூடாது. ரத்தம் திடீரென்று பீறிடும்போதும் இந்தக் கருவியை நம்பி நிற்கக் கூடாது. அந்த நிலையில் உடம்பு விரல்களைத்தான் முதலில் கைவிடும், சமிக்ஞை கெடுவதும் அப்போதுதான். சர்ஜனின் குரலும் ரத்த அழுத்தக் கோடும் சொல்வதை வைத்துப் பையை மாட்ட வேண்டிய நேரம் அது.

ஒரு முழு மருத்துவமனையில்

பிரான்ஸின் லிமோஜ் பல்கலைக்கழக மருத்துவமனை இதை இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தது. தனித்தனி நோயாளி என்று இல்லாமல் மருத்துவமனை அளவில் கருவிகளைப் பொருத்தி, ஹீமோகுளோபின் போக்கையும், நோயாளிக்கு நீர் போதுமா என்று காட்டும் இன்னொரு அளவையும் சேர்த்து ஒரு வழிமுறை எழுதிக் கொடுத்தார்கள். 18,716 நோயாளிகள். கருவி இல்லாத முந்தைய காலத்தோடு ஒப்பிட்டபோது 30 நாள் இறப்பு 33 சதவீதமும் 90 நாள் இறப்பு 29 சதவீதமும் குறைந்திருந்தது. முன்பு, பின்பு என்று காலத்தை வைத்து ஒப்பிடும் ஆய்வுகளில் வேறு எத்தனையோ விஷயங்கள் கூடவே மாறியிருக்கும் என்பதால், இறப்புக் குறைவை முழுவதும் விரல் சென்சார் கணக்கில் எழுத முடியாது. நீர் அளவைக் காட்டும் எண்ணுக்கு எவ்வளவு பங்கு, எல்லோரும் ஒரே வழிமுறையைப் பின்பற்றியதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கவும் வழியில்லை. ஆனால் கெய்ரோவிலும் லிமோஜிலும் ஒன்று பொது. இரண்டு இடத்திலும் கருவியோடு சேர்த்து, எந்த எண்ணில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு காகிதமும் இருந்தது.

வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மருத்துவமனைகள் முதலில் தங்கள் அரங்கிலேயே இரண்டு விஷயங்களைக் குறித்து வைக்கலாம். மாதிரி கையை விட்டுப் போனதிலிருந்து பதில் வர எத்தனை நிமிடம், ரத்தம் ஏற்றியவர்களுக்கு அறுவை முடிந்தபோது ஹீமோகுளோபின் எவ்வளவு. பதில் ஐந்து நிமிடத்தில் வருகிறது, முடிவில் அளவு 8, 9 என்று நிற்கிறது என்றால் விரல் சென்சாரால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக ஒட்டும் சென்சாரின் விலைதான் மிஞ்சும். பதிலுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, முடிவில் அளவு 12 என்று இருக்கிறது என்றால் அங்கே பைகள் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கின்றன.

நான் பார்க்க விரும்பும் அடுத்த ஆய்வு இது: ஒரு பக்கம் எஸ்பிஎச்பி மானிட்டர், மறுபக்கம் அரங்கு வாசலில் ரத்த வாயு எந்திரம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே எல்லைக்கோடு, ஒரே நிறுத்தும் விதி, ஒரு பை முடிந்து அளந்த பிறகே அடுத்தது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும் அறுவைகளில் மட்டும் செய்ய வேண்டும். அதிலும் மானிட்டர் பக்கம் பைகள் குறைந்தால், குறைத்தது விரலில் இருந்த ஒளிதான் என்று தயங்காமல் சொல்லலாம்.